தட்டைப் பார்க்க ஆள் வையுங்கள்

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகளுடைய சுகாதார அமைச்சர்களுக்கு,

வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவை, கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் பரப்பி, மேலே ஆன்டிபயாட்டிக் வில்லைகளை வைத்து, மறுநாள் வந்து பார்ப்பேன். கிருமி மருந்துக்கு அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். அடங்காவிட்டால் வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து நிற்கும். எந்த வில்லையைச் சுற்றியும் வட்டம் இல்லாத தட்டைக் கையில் எடுக்கிற நாளும் உண்டு. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது, சீட்டில் எண்தான் இருக்கும். ஆனாலும் வயிற்றைப் பிசையும்.

2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் உங்கள் அரசுகள் ஓர் அரசியல் பிரகடனத்தை ஏற்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களோடு தொடர்புடைய சாவுகள் 2019இல் ஏறத்தாழ 49.5 லட்சம், அதை 2030க்குள் 10 சதவீதம் குறைப்பதாகச் சொன்னீர்கள். மனிதர்களுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்குகளில் குறைந்தது 70 சதவீதம் 'அக்சஸ்' வகையாக, அதாவது மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகும் எதிர்ப்பைத் தூண்டும் வாய்ப்பு குறைந்த மருந்துகளாக இருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தீர்கள். இரண்டையும் மனதார வரவேற்கிறேன்.

சரி, இனி ஒரு மருத்துவரின் இடத்தில் நின்று பாருங்கள். நள்ளிரவில் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அவர் வலுவான மருந்தாகத்தான் எழுதுவார். அவர் மேல் தப்பே இல்லை. ஆய்வகம் இருக்கும் இடத்திலும் முதல் ஊசி ஊகத்தில்தான் போகிறது. ஆனால் இரண்டு மூன்று நாளில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு வந்ததும் எளிய மருந்துக்கு இறங்கலாம். ஆய்வகமே இல்லாத இடத்தில் எதை நம்பி இறங்குவது? அங்கே 'குறைத்து எழுதுங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்புவது கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பது மாதிரி.

14 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 50,000 ஆய்வகங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் பாக்டீரியா பரிசோதனை செய்பவை 1.3 சதவீதம்தான்.

ஆய்வகத்துக்கும் பிரகடனத்தில் இலக்கு உண்டு: 2030க்குள் குறைந்தது 80 சதவீத நாடுகளுக்கு எதிர்ப்பைப் பரிசோதிக்கும் திறன். எனக்கு நெருடுவது அந்த 'நாடுகள்' என்ற சொல்தான். தலைநகரில் ஒரு நல்ல ஆய்வகம் இருந்தாலே அந்த நாட்டைக் கணக்கில் சேர்த்துவிடலாம். கடைக்கோடி மருத்துவமனையில் கிடக்கும் குழந்தை அதில் வராது. எத்தனை மாவட்ட மருத்துவமனைகளில் இரத்தக் கல்ச்சர் செய்ய முடிகிறது, முடிவு எத்தனை நாளில் மருத்துவர் கைக்குப் போகிறது என்பதை எண்ணுங்கள்.

புது மருந்துக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாட்டிக்குக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய அகாவ்ஜென் நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. பத்திரப்படுத்திக் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டிய மருந்தை விற்றுப் பிழைக்க முடியாது. அரசுகள்தான் தாங்க வேண்டும். ஆனால் அந்த மருந்து யாருக்கு உண்மையிலேயே தேவை என்பதையும் தட்டுதான் சொல்ல வேண்டும்.

தயவுசெய்து கருவியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பரிசோதனைக்கான ரசாயனம் (ரீஏஜென்ட்) தீர்ந்ததும் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். வில்லைகளுக்கும், தடையில்லாத மின்சாரத்துக்கும், தட்டைப் பார்க்கும் ஆளின் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அடுத்து உலக சுகாதார சபைக்காக ஜெனீவாவில் கூடும்போது, உங்கள் நாட்டுச் செயல்திட்டத்தில் அதற்கென்று ஒரு தொகையை எழுதி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக ஊழியர்