‘யார் எடுத்தது?’ என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பு மீண்டும் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. வரட்டும், தடையில்லை. ஆனால் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தையின் மனசாட்சிக்கு உண்மையான பாடவேளை வேறு. பக்கத்துப் பையனின் ரப்பர் அதன் பைக்குள் போய்விட்டது தெரிந்த பிறகு, பெரியவர்கள் அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அது.

பெரும்பாலும் நாம் நடத்துவது விசாரணை. ரப்பர் பையில் இருப்பதைப் பார்த்துவிட்டே "யார் எடுத்தது?" என்கிறோம். எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான்கு வயதுவாக்கில் குழந்தை ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. கேட்கிறார் என்றால் தெரியவில்லை போலிருக்கிறது என்று கணக்குப் போட்டு "நான் இல்ல" என்கிறது. தவறு ஒன்று இரண்டாகிறது. இரண்டாவதற்கு வழி திறந்துவிட்டது நாம். "முத்துவோட ரப்பர் உன் பையில இருக்கு" என்று குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். குழந்தை தலை குனியும், சட்டை நுனியைத் திருகும். அந்த நேரத்தில் திட்டு விழுந்தால் அதன் கவனம் தன் உள்ளத்தை விட்டு நம் முகத்துக்குத் தாவிவிடும்: அடிப்பாரா, மாட்டாரா?

பிறகு, "அவன் தேடிட்டே இருக்கான், பாரு. இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்கலாம். இதற்கு விடை நமக்கும் தெரியாதாகையால் இது நல்ல கேள்வி. பொருளைக் குழந்தை தன் கையாலேயே திருப்பிக் கொடுக்கட்டும், வகுப்பே வேடிக்கை பார்க்காமல். அவமானப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்தது மறந்துவிடும். சிரித்தவர்கள்தான் நினைவில் நிற்பார்கள். பயந்த சுபாவமுள்ள குழந்தைக்குப் பாதிக் குரல் போதும். துணிச்சலான பிள்ளையிடம் மிரட்டல் எடுபடாது. நம்மோடு அதற்குள்ள ஒட்டுதல்தான் வேலை செய்யும்.

"அப்பா வரட்டும்" என்பது வீண். காலையில் செய்ததையும் சாயங்காலம் வாங்கும் அடியையும் மூன்று வயதுப் பிள்ளையால் முடிச்சுப் போட முடியாது. "சாமி கண்ணைக் குத்தும்" என்பதோ இரண்டு முறை குத்தாமல் விட்டால் காலாவதி. ஆசிரியர் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத லீடரை நிறுத்துவதும் இதே ரகம்தான்: லீடர் திரும்பினால் சத்தம், பார்த்தால் அமைதி. அதற்குப் பதில் எத்தனை நிமிடத்தில் வருவேன், அதுவரை என்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போகலாம். வந்ததும் யார் பேசியது என்று கேட்காமல், வேலை எங்கே தடைப்பட்டது என்று கேட்கலாம்.

கதை சொல்லலாமா? தாராளமாக. எந்தக் கதை என்பதில்தான் விஷயம். 2014-இல் கனடாவில் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொய் சொன்ன ஆட்டிடையன் கதையும், பொய் சொல்லி மூக்கு நீண்ட மரப்பொம்மை பினோக்கியோவின் கதையும் குழந்தைகளை உண்மை பேச வைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதைத் தானே ஒப்புக்கொண்டு தந்தையிடம் பாராட்டுப் பெற்ற சிறுவன் வாஷிங்டனின் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபர்) கதைதான் பேச வைத்தது. அந்தக் கதை நடந்ததே இல்லை என்பது வேறு விஷயம்! நம் வீடுகளில் சொல்லப்படுவதோ பெரும்பாலும் பொய் சொன்னவன் படும் பாட்டைச் சொல்லும் முதல் ரகம்.

இன்னொன்று. கை தவறிப் பால் கொட்டினால் கத்துகிறோம். தம்பியை ஏமாற்றி மிட்டாயைப் பிடுங்கினால் "கெட்டிக்காரன்" என்று சிரிக்கிறோம். சின்னஞ்சிறு குழந்தைகள் நோக்கத்தை விட்டுவிட்டுச் சேதத்தின் அளவை வைத்தே குற்றத்தை எடைபோடுவார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932-இலேயே எழுதினார். நாமும் அப்படியே எடைபோட்டால் அவர்கள் அதைத் தாண்டி வளர நாளாகும்.

குழந்தை தானாக வந்து சொன்னால், "நீயே வந்து சொன்னது நல்லது" என்று சொல்லி, உடைந்ததை ஒட்டவோ கொட்டியதைத் துடைக்கவோ கூட இருந்து உதவுங்கள். அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். இரவில் பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரித்தால், அடுத்த முறை அது வந்து சொல்லாது.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் இருவர்,
தஞ்சாவூர்