புதிய கடலடிக் கேபிள்களில் அழுத்த உணரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத் தரவைக் கடத்தும் கடலடிக் கேபிள்களே இனி நிலநடுக்கத்தையும் சுனாமியையும் அறிந்து சொல்லும் என்று செய்திகள் வருகின்றன. நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மை. சுனாமிக்கோ, இப்போது கடலில் கிடக்கும் கேபிள்கள் போதா.

கேபிளின் கரை முனையிலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடி இழையின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டு ஒளியின் மிகச் சிறு பங்கு திரும்பி வரும். நிலம் அதிரும்போது இழை நீண்டு சுருங்குவதை அந்த ஒளி காட்டிக்கொடுக்கும். சில மீட்டருக்கு ஓர் இடம் என ஆயிரக்கணக்கான இடங்களின் அதிர்வு கிடைக்கும். ஆனால் ஏறத்தாழ 100 கி.மீ. வரைதான். நீண்ட கேபிள்களில் ஒளியை வலுப்படுத்த இடையிடையே உள்ள ரிப்பீட்டர் கருவிகள் அதை ஒரே திசையில்தான் விடும். திரும்பும் ஒளி முதல் ரிப்பீட்டரிலேயே நின்றுவிடும்.

அதற்கு அப்பாலும் வழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிலி செல்லும் கியூரி கேபிளில், ஒளியின் முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) மாறியதைக் கொண்டே 2020 ஜனவரியில் ஜமைக்கா அருகே நிகழ்ந்த 7.7 அளவு நிலநடுக்கம் பதிவானது. கடலுக்குள் புதிதாக எதையும் இறக்கவில்லை. குறை என்னவென்றால், 10,000 கி.மீ. கேபிளுக்கும் சேர்த்து ஒரே அளவீடுதான் கிடைக்கும். எந்த இடம் அதிர்ந்தது என்று அதிலிருந்து நேரடியாகத் தெரியாது.

சுனாமி வேறு வகை. ஆழ்கடலில் அதன் உயரம் பெரும்பாலும் சில பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். இழையை அது மிக மெதுவாகவும் மெல்லியதாகவுமே நீட்டுவதால், அடிக்கடல் வெப்பநிலையில் ஏற்படும் சிறு மாற்றமே அந்த அறிகுறியை மறைத்துவிடும். நம்பத்தக்க வழி, கடலடி அழுத்தத்தை அளப்பதுதான். 4,000 மீட்டர் ஆழத்தில் 1 செ.மீ. உயர்வு என்பது மொத்த அழுத்தத்தில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதை அளக்கும் உணரிகள் உள்ளன. ஜப்பானின் எஸ்-நெட் கேபிள் வலையமைப்பில் 150 நிலையங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

இதே உணரிகளை வணிகக் கேபிள்களின் ரிப்பீட்டர்களில் பொருத்தும் 'ஸ்மார்ட் கேபிள்' திட்டத்தை ஐ.நா.வின் மூன்று அமைப்புகள் 2012 முதல் முன்னெடுக்கின்றன. இதற்குக் கேபிள் நிறுவனங்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. அழுத்த உணரி கடல்நீரைத் தொட்டாக வேண்டும். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடும் ரிப்பீட்டர் உறையிலிருந்து வெளியே கம்பி எடுத்தாக வேண்டும். கம்பி வெளிவரும் இடத்தில் நீர் கசிந்தால் தொலைத்தொடர்பே போய்விடும். ஆகவே, உணரி பழுதானாலும் தரவு இழைகளைப் பாதிக்காதபடி மின்தடுப்போடு வடிவமைப்பது கட்டாயம். இதைச் செய்ய முடியும், ஆனால் தொழிற்சாலையில் மட்டுமே.

கேபிளின் ஆயுள் 25 ஆண்டுகள். கடலில் இறக்கிய பிறகு உணரியைச் சேர்ப்பது நடைமுறையில் இயலாது. எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே அழுத்தம், வெப்பநிலை, நில அதிர்வின் முடுக்கம் ஆகிய மூன்றுக்குமான உணரிகளை அரசுகள் கேட்க வேண்டும். கூடுதல் செலவையும் அரசுகளே ஏற்க வேண்டும். கடல்சார் ஆய்வுக்குக் கரையோர நாட்டின் ஒப்புதல் தேவை என்பதால், வழித்தட ஆய்வின்போதே அதற்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புப் பொறியாளர் ஒருவர்