சிறுவர் இல்லப் பிள்ளைகளின் கொப்பியை யார் புரட்டிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் சிறுவர் இல்லங்களில் வளரும், கற்றலில் விசேட தேவையுடைய பிள்ளைகள் குறித்து, விசேட கல்வி அலகொன்றில் நீண்டகாலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். இல்லப் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார். வறுமையும், குடும்பப் பிரிவும், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றமையுமே அவர்களை அங்கு சேர்த்தன.

என்னிடம் வந்த சிறுவன் ஒருவன் கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போலப் பார்த்தெழுதுவான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பான். குழப்படி செய்யாத பிள்ளை என்பதால் நான்காம் தரம் வரை அது எவர் கண்ணிலும் படவில்லை. வீட்டில் வளரும் பிள்ளையாயின், தாயோ மாமியோ கொப்பியைப் புரட்டிப் பார்த்து வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இல்லத்திலோ, மாலைப் படிப்பு நேரத்தில் எல்லாத் தரத்துப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் வைத்துப் பார்ப்பவர் ஒரே மேற்பார்வையாளர். அவரைக் குறைகூற எனக்கு மனம் வராது. சமையலும் மருந்தும் நீதிமன்றத் தவணையும் அவர் தலையில்தான்.

இல்லம் மாற்றப்படும் பிள்ளையுடன் நீதிமன்றக் கட்டளை செல்கிறது, பிறப்புச் சான்றிதழ் செல்கிறது. எந்த எழுத்தில் பிள்ளை தடுமாறுகிறது, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறது என்று முன்னைய ஆசிரியர் மாதக்கணக்கில் அறிந்துவைத்தது, நான் கண்டவரை, செல்வதே இல்லை. செவிப்புலன் கருவி கூடவே போனாலும், அதன் மின்கலம் தீர்ந்தால் யாரிடம் கேட்பதென்று பிள்ளைக்குத் தெரியாது.

ஐந்து வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமென 2016 இல் விதிக்கப்பட்டது. இயலாமையைக் காட்டி எவருக்கும் பாடசாலை அனுமதியை மறுக்கலாகாது என்பதும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. ஆனால், அனுமதி கிடைத்து வாங்கில் இருக்கும் பிள்ளை அங்கு கற்கிறதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகங்களும் கூடிப்பேசி, இத்தகைய ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்தில் ஒருவரைப் பெயர்குறித்துப் பொறுப்பாக்க வேண்டும்; பெற்றோர் கூட்டத்துக்கு அவரே செல்லட்டும். கற்றல் விபரங்கள் அடங்கிய கோப்பொன்று பிள்ளையுடனேயே பயணிக்க வேண்டும். விசேட கல்விக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர், பாடசாலையோடு நின்றுவிடாமல், தவணைக்கு ஒருமுறையேனும் இல்லத்துக்கும் வரவேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் பெறுவதற்கான விண்ணப்பத்தை மருத்துவ அறிக்கையுடன் உரிய காலத்தில் அனுப்புவதும் அந்தப் பொறுப்பாளரின் கடமையாக எழுத்தில் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.