நடு நாற்காலியில் இருந்தபோதே முடிவு செய்துவிட்டாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி விவாத நெறியாளர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கட்சியில் சேர்ந்த செய்தியை, சால்வை போர்த்தும் படத்தோடு போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மதுரை செல்லூரில் 1994-லிருந்து கேபிள் நடத்துகிறேன். சன் டிவி வந்து ஒரு வருஷம் ஆன நேரம். அப்பாவின் தறியை விட்டுவிட்டு, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி ஒயர் இழுத்தவன். சந்தா வாங்கப் போகும்போது எந்த வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு யார் முகம் ஓடுகிறது என்று எனக்கு அத்துப்படி. இந்த நெறியாளரின் முகம் நிறைய வீடுகளில் ஓடியது. ஒருநாள் ஆம்ப்ளிபயர் புகைந்து அந்தச் சேனல் மட்டும் ஒரு மணி நேரம் தெரியாமல் போனது. பதினேழு போன் வந்தது. சீரியல் நின்றால்கூட அத்தனை போன் வராது.

2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி எங்கள் பகுதிக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களே எழுதினீர்கள். அது வடிந்த சில மாதங்களில் அவர் மக்கள் மன்ற நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்ய மதுரைக்கு வந்தார். கேபிள்காரன் என்பதால் எனக்கும் அழைப்பு. ஒரு கல்லூரி மைதானம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு தம்பி வரிசை வரிசையாக வந்து, "கைத்தட்டச் சொன்னா தட்டணும், கேள்வி சுருக்கமா இருக்கணும்ணே" என்று சொல்லிக்கொண்டே போனார். என் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். பந்தல்குடி கால்வாயைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் சுவர் கட்டி, கண்மாய்த் தண்ணீர் தடையில்லாமல் வைகைக்குப் போக வழி செய்வது எப்போது என்பதுதான் கேள்வி. மைக் என்னிடம் வந்தது. பாதி வாசிப்பதற்குள் நெறியாளர் சிரித்துக்கொண்டே, "இது உள்ளூர்ப் பிரச்சினை, நாம மாநில அரசியல் பேசுறோம்" என்றார். மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

சரி, நேரம் இல்லை, விட்டுவிட்டேன். ஆனால் ஒளிபரப்பில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கட்சியின் பேச்சாளர் எதிர்க்கட்சியை வறுத்தெடுக்கிறார். அடுத்த நொடி திரை முழுக்க என் முகம், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்! நான் தலையாட்டியது டீ கொடுத்த பையனிடம், சர்க்கரை போதும் என்று. அதை எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். ஒரு மாதம் வரைக்கும் தெருவில் "என்ன அண்ணாச்சி, அந்தக் கட்சியில சேர்ந்தாச்சா?" என்று கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் வீடு இரண்டில் சந்தா கேட்டால், "உங்க தலைவர்கிட்ட வாங்கிக்கங்க" என்றார்கள். இப்போது நெறியாளர் சால்வை வாங்கிக்கொண்டது அதே கட்சியில்தான்.

பத்திரிகைக்காரர்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல மதுரைக்காரனுக்கு வாய் ஏது? ரோசாப்பூ துரை என்று நம் பக்கத்து மக்கள் கொண்டாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், காந்தியின் யங் இந்தியா பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவரும் அவர்தான். 1942-ல் இதே மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பின்னாளில் சட்டப்பேரவைத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தார் (உங்கள் போட்டிப் பத்திரிகை, மன்னிக்கவும்). முரசொலி யாருடையது என்பது டீக்கடையில் அதை விரித்தவனுக்குத் தெரியும். ஜெயா டிவியும் கலைஞர் டிவியும் என் லைனில் ஓடியபோது, எது எந்த வீட்டுச் செய்தி என்று தெரிந்தேதான் பார்த்தார்கள். அதில் ஏமாற்று இல்லை.

விவாத நிகழ்ச்சி அப்படி இல்லையே. வலது பக்கம் இரண்டு கட்சி, இடது பக்கம் இரண்டு கட்சி, நடு நாற்காலியில் இவர். யாரைப் பேசவிடுவது, யாரை "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று நிறுத்துவது, எந்தப் பேச்சோடு இடைவேளை விடுவது, எல்லாம் அவர் கையில்தான். பார்ப்பவன் அவரை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. அந்த நம்பிக்கையைத்தானே இப்போது ஓட்டாக மாற்றப் பார்க்கிறார்?

என் லைனில் நாலைந்து மலையாளக் குடும்பங்கள் உண்டு, அவர்கள் மூலம் தெரிந்துகொண்ட கதை இது. கேரளத்தில் ரிப்போர்ட்டர் டிவி என்ற செய்திச் சேனலை நடத்திய நிகேஷ் குமார் 2016-ல் அழீக்கோடு சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் அணிக்காக நின்றார். குடிநீர் எவ்வளவு மோசம் என்று காட்டக் கிணற்றுக்குள்ளேயே இறங்கி வீடியோ எடுத்தார், ஊரே சிரித்தது. 2,287 ஓட்டில் தோற்று மறுபடி சேனலுக்கே போனார். 2024-ல்தான் ஒரேயடியாகக் கட்சி வேலைக்கு வந்தார். அதே 2016-ல் ஆறன்முளாவில் ஜெயித்த வீணா ஜார்ஜும் செய்தி வாசித்தவர்தான், 2021-ல் சுகாதார அமைச்சரானார். வடக்கே இந்திச் செய்திச் சேனல் நெறியாளர் ஆசுதோஷ் 2014-ல் ஆம் ஆத்மிக்குப் போய், சாந்தினி சௌக்கில் தோற்று, 2018-ல் கட்சியை விட்டே வந்துவிட்டார். ஜெயிப்பதும் தோற்பதும் அவரவர் பாடு. போய்விட்டுத் திரும்பி வந்தவர் மறுபடி நடு நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பது என்பது இன்னொரு தலைவலி.

நான் புலம்புவதைக் கேட்டு வீட்டுக்காரி, "நீங்க தறியை விட்டுட்டுக் கேபிளுக்கு வரலையா? அவரும் வேலை மாறுறாரு, உங்களுக்கு என்ன?" என்றாள். நியாயம்தான். ஆனால் நான் தறியில் உட்கார்ந்திருந்தபோது கேபிள் கம்பெனிக்காக ஒரு இழைகூட நெய்யவில்லை.

ஆகவே இப்போது கட்சிக்காரராகிவிட்ட அந்த நெறியாளரிடம் உங்கள் நிருபர் ஒரே ஒரு தேதி கேட்டு வெளியிட வேண்டும். கட்சியோடு முதலில் பேசியது எந்தத் தேதி? அன்றிலிருந்து ராஜினாமா கொடுத்த நாள் வரைக்கும் எத்தனை விவாதம் நடத்தினார்? அது சேனல் முதலாளிக்குத் தெரியுமா? வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் கேட்கிறார்கள், இதற்குக் கட்டம் இல்லை. சேனலாவது யூடியூபில் கிடக்கும் பழைய விவாதங்களின் கீழே, இதை நடத்தியவர் இன்ன நாளில் இன்ன கட்சியில் சேர்ந்தார் என்று ஒரு வரி போடலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அப்படியே என் தலையாட்டலையும் எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம் அந்தக் கால்வாய். 2025-ல் முதல்வர் வந்தபோது அதைத் துணி கட்டி மறைத்தார்கள், செய்தி பரவியதும் அவரே போய்ப் பார்த்தார். நெறியாளர் ஓட்டுக் கேட்டு செல்லூர்ப் பக்கம் வருவாரென்று பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எழுதிய தாள் இன்னும் சந்தா நோட்டுக்குள்தான் இருக்கிறது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: பந்தல்குடி கால்வாயில் மண்ணும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்து கிடக்கிறது, அடுத்த ஐப்பசி மழைக்குள் கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போக யார், எந்த மாதம், என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?

கடிதம் நீளம் என்றால் கேரளக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை மட்டும் வெட்ட வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை வெட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு கேபிள் ஆபரேட்டர்,
செல்லூர், மதுரை.