பைசல் கணக்கும் பூட்டிய லயின் வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேங்கிய வழக்குகள் என்றாலே செய்தியில் ஒரே எண்தான் பெரிதாக வருகிறது: மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கு மேல் நிலுவை. உண்மைதான். ஆனால் தேசிய நீதித்துறைத் தரவுத் தளத்தைத் திறப்பவர்கள், புதிதாகப் பதிவானது எத்தனை, பைசலானது, அதாவது முடித்துவைக்கப்பட்டது, எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 பதிவாகி 1,050 பைசலானால் பைசல் விகிதம் 105 சதவீதம். பழைய சுமை கொஞ்சம் இறங்குகிறது.

அந்தக் கணக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. எதிர்வாதி ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானதும் பைசலில்தான் சேரும். 'எனக்குச் சம்மனே வரவில்லை' என்று அவர் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன்படி மனுப் போட்டு, அது ஏற்கப்பட்டால், வழக்கு திரும்ப உயிர்பெறும். 30 நாள் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு. அதற்குத் தனியாக நாலு வாய்தா.

நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பகுதியான கூடலூர், பந்தலூர் பக்கம் இப்படிச் சம்மன் போய்ச் சேராதது சாதாரணம். வழக்குப் போடுபவர் தாக்கல் செய்யும் வழக்குரையில் எஸ்டேட் பெயரும் அஞ்சலகமும்தான் இருக்கும். ஒரு எஸ்டேட்டுக்குள் பல டிவிஷன், ஒவ்வொன்றிலும் வரிசையாக லயின்கள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்), ஒரே பெயரில் மூன்று பேர். சம்மன் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது எல்லோரும் இலை பறிக்கப் போயிருப்பார்கள். 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு சம்மன் திரும்பும். அமீனாவின் கையில் இருக்கும் செயலி, பூட்டிய வீட்டு முன்னால் அவர் நின்றதை இடக்குறிப்போடு பதிவு செய்யும், அவ்வளவுதான்.

இதில் பாதித் தவறு நீதிமன்றத்துடையது இல்லை, வழக்குரை எழுதுபவர்களுடையது. டிவிஷன், லயின் எண், வீட்டு எண், தகப்பனார் பெயர், கைப்பேசி எண் ஐந்தையும் எழுதுங்கள். இலை எடை போடும் நேரத்தில் போனால் ஆள் கையிலேயே கொடுக்கலாம்.

வழக்கை இணையம் வழியாகத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங்கில் வேறு தொல்லை. 300 டிபிஐ-யில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் போதும். கலரில் எடுத்தால் கோப்பு பெருத்து, தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போகும்போது பதிவேற்றம் பாதியில் அறுந்துவிடும். காலக்கெடுவின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பதிவேற்றியதும் கிடைப்பது ஃபைலிங் எண்தான், வழக்கு எண் அல்ல. குறை சொல்லித் திருப்பியிருக்கிறார்களா என்று தினமும் பார்க்க வேண்டும். வழக்கு நம்பரானதும் வரும், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கட்சிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், வாய்தா தேதி கேட்பதற்காக அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம்.

மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்யவே அதில் 2,038 கோடி. மலைத் தாலுகா நீதிமன்றங்களின் இ-சேவை மையத்துக்கு ஒரு இன்வெர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் அந்தப் பணத்திலிருந்து கிடைக்குமா?

வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
கூடலூர், நீலகிரி