கல்லணை முதல் பூம்புகார் வரை கை கொடுத்தவர்களுக்கு

காவிரிக் கரையின் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தை பிறந்த கையோடு கல்லணைக்குக் கீழே நாங்கள் இறக்கிய இரண்டு துடுப்புப் படகுகளும் பூம்புகார் போய்ச் சேர்ந்துவிட்டன. எல்லோரும் நலமாக வீடு திரும்பினோம். யாருடைய பெயரையும் பொதுவில் எழுதவில்லை. ஊரையும் செய்த உதவியையும் சொன்னால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, புறப்பட நாள் பார்த்துக் கொடுத்த பாசனப் பொறியாளர் ஐயாவுக்கு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். பங்குனி, சித்திரையில் வந்திருந்தால் மணலில் நடந்துதான் போயிருப்போம். தையிலும் தண்ணீர் குறைந்துவிட்டால் காவிரிக்குச் சில நாள், கல்லணையில் பிரியும் வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். காவிரியின் முறை என்றைக்கு என்று அவர் விசாரித்துச் சொன்னதால்தான் படகு தரை தட்டாமல் போனது.

அடுத்து, ஆற்றுக் கரைகளையும் மதகு ஷட்டர்களையும் கவனித்துக்கொள்ளும் பாசன ஊழியர்களான லஸ்கர்கள். இவர்களைப் பற்றி நீட்டித்தான் எழுத வேண்டும்.

கல்லணைக்குக் கிழக்கே காவிரி ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போவதில்லை. கிளை பிரியும் இடங்களில் தண்ணீரைப் பங்கிடும் மதகான தலைப்பு, நடுநடுவே ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்த கதவணை. பாலத்தில் நின்று பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அணையிலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய்ப் புரண்டு, மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பி வருகிறது. அதில் சிக்கிய படகையும் ஆளையும் வெளியே விடாமல் சுற்றிச் சுற்றி இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் மீள்வது கடினம். மேல்பக்கமோ, திறந்த ஷட்டரை நோக்கி இழுப்பு. ஆகவே ஒவ்வொரு கதவணைக்கும் வெகுமுன்பே கரையேறி, மூட்டைகளை இறக்கி, படகைத் தோளில் சுமந்து, கீழே சுழிப்பு அடங்கிய இடத்தில் மறுபடியும் இறக்க வேண்டும். அந்த இடம் எது என்பது வெளியூர்க் கண்ணுக்குத் தெரியாது.

திருவையாற்றைத் தாண்டி ஓரிடத்தில், லஸ்கர் ஐயா ஒருவர் கரையோடு சைக்கிளில் கூடவே வந்து, துண்டை வீசி எங்களை நிறுத்தினார். “இதற்கு மேல் வராதீர்கள் தம்பி, இந்தக் கல்லோடு ஏறிவிடுங்கள்” என்றார். கீழ்ப்பக்கம் போனதும் காய்ந்த வாழைமட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அது அணைப்பக்கமே திரும்பி வந்தது. இன்னும் தள்ளிப்போய் இன்னொன்றைப் போட்டார். நேரே கிழக்கே ஓடியது. “இங்கே இறக்குங்கள்.” அதற்குப் பிறகு எந்தக் கதவணைக்குப் போனாலும் நாங்கள் முதலில் செய்தது அதைத்தான். அவர் அத்தோடு விடவில்லை, அடுத்த கதவணைக்கும் போன் போட்டார். அங்கிருந்தவர் அதற்கடுத்த இடத்துக்குச் சொன்னார். கடலுக்கு முன் கடைசியாக உள்ள மேலையூர் கடையணை வரைக்கும் கரையில் யாரோ ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐயா, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்களை வந்து வணங்கக் கடமைப்பட்டவர்கள்.

பாபநாசம் பக்கம் மணல்திட்டில் இறங்கிப் படகை இழுத்தபோது எங்களில் ஒருவரின் பாதத்தில் பாட்டில் கண்ணாடி ஆழமாக ஏறிவிட்டது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், கையில் இருந்த புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன தம்பிக்கும், பொங்கல் விடுமுறை நாளிலும் பணியில் இருந்து தையல் போட்டு ஊசி செலுத்திய ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கும் எங்கள் நன்றி. இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: ஆற்றங்கரையில் பாட்டிலை உடைக்காதீர்கள். அந்த மணலில்தான் ஊர்ப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள்.

சுவாமிமலையில் திண்ணை கொடுத்தார்கள், கும்பகோணத்தில் சோறு கொடுத்தார்கள். குத்தாலம் அருகே வெங்காயத்தாமரை கரைக்குக் கரை அடைத்துக்கிடந்தது. சம்பா அறுவடைக்கு வந்த பெண்கள் அரிவாளோடு தண்ணீரில் இறங்கி வழி வெட்டிவிட்டார்கள். கூலி நேரத்தை எங்களுக்காக இழந்தவர்கள், பணம் கொடுத்தும் வாங்கவில்லை. கல்லணையில் அகண்டிருந்த காவிரி மயிலாடுதுறைக்கு வரும்போது வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. அங்கே துலாக்கட்டப் படித்துறையில் எங்களைப் பார்த்த பெரியவர் ஒருவர், படகு வந்து எத்தனை காலமாயிற்று என்று கண் கலங்கினார்.

பூம்புகார் மீனவ அண்ணன்மார்களுக்குக் கடைசி நன்றி. முகத்துவாரத்தில் அலை புரள்வதைக் காட்டி, இந்தப் படகுக்கு அது ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஆற்றுக்குள்ளேயே கரையேற்றினார்கள். பிறகு குழம்பு வைத்துப் பசியாற்றினார்கள்.

கண்ணாடி கிடக்கும் திட்டுகள், மணல் அள்ளிய பள்ளங்கள், கரையேறும் இடங்கள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறோம். அந்தந்த ஊராட்சிக்கு ஒரு பிரதி வந்து சேரும். படகுகள் திருவையாற்றில் இருக்கின்றன. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும், கதவணை இல்லாத நீட்டத்தில் உங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று ஆசை. லைஃப் ஜாக்கெட் எங்களிடமே இருக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
துடுப்புப் போட்டவர்கள்