புது வீட்டில் காக்டீல் குஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் கிளி மேல் ஆசை உள்ளவர்கள் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட காக்டீல் என்ற கொண்டை வைத்த சிறு கிளியை வாங்குகிறார்கள். (கடையில் இதற்குப் பெயர் 'காக்டெயில்'. அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.) கோடை விடுமுறையில் குஞ்சு வாங்கும் வீடுகளில், பள்ளி திறக்கும் நேரத்துக்குள் "கையைக் கொண்டுபோனாலே சீறுது, இது பழகாது" என்ற பேச்சு வந்துவிடுகிறது. குஞ்சும் கைமாறிவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு, வாங்கி வந்த முதல் பத்து நாளில் நாம் செய்ததில்தான் இருக்கிறது.

விற்பவர்கள் சிலர் சொல்லி அனுப்பும் யோசனைகள் அந்தப் பத்து நாளைக் கெடுக்கின்றன. "ஒரு நாள் பட்டினி போடுங்க, கைக்கு வந்துடும்." காக்டீலின் மொத்த எடையே 80 முதல் 100 கிராம். புது இடத்தில் ஏற்கெனவே சரியாகத் தின்னாத குஞ்சைப் பட்டினி போட்டால் அது பழகாது, சாகும். "துண்டு போட்டுப் பிடிச்சுத் தடவிக் குடுங்க." பிடிபட்ட குஞ்சு அசையாமல் கிடப்பதைப் பார்த்து அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம், அது பயத்தில் விறைத்துப்போன நிலை. மறுநாள் கையைக் கண்டதும் கூண்டின் கடைசி மூலைக்கு ஓடும். "றெக்கையை வெட்டிடுங்க." பறந்து பழகும் முன் சிறகை வெட்டினால், மிரண்டு குதிக்கும்போது கல்லாய் விழுந்து நெஞ்செலும்பில் அடிபடும். தப்ப வழியில்லாத பறவைக்குக் கொத்துவது ஒன்றுதான் மிச்சம்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேட்க வேண்டும். தானாகத் தின்கிறதா? குஞ்சுகள் 8 முதல் 10 வாரத்தில்தான் ஊட்டுவதை முழுக்க மறக்கும். தானியத்தை உமி நீக்கித் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊட்டு மாவோடு சேர்த்துத் தரும் சின்னக் குஞ்சு புதியவர்களுக்கு வேண்டாம்: மாவு சூடு கூடினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் தேங்கும். அடுத்து, இதுவரை என்ன தீனி? முதல் இரண்டு வாரம் அதையே போடுங்கள். நல்ல தீனிக்கு மாற்றுவதையெல்லாம் பிறகு மெல்லச் செய்யலாம். மூன்றாவது, கையால் ஊட்டி வளர்த்ததா, தாயிடமே வளர்ந்ததா? முன்னது ஓரிரு வாரத்தில் பழகலாம். பின்னதற்கு மாதங்கள் ஆகும். ஊட்டி வளர்த்த குஞ்சும் வீடு மாறினால் பயப்படும். அது நம்பியது ஊட்டிய ஆளைத்தான், எல்லாக் கைகளையும் அல்ல.

கூண்டு ஒன்றரை அடி நீள அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறையக்கூடாது. கம்பி இடைவெளி அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள். வட்டக் கூண்டில் ஒதுங்க மூலை கிடையாது. ஹாலின் ஓரத்தில், பின்புறமும் ஒரு பக்கமும் சுவரை ஒட்டி, நம் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் மேலிருந்து வரும் ஒவ்வொரு உருவமும் அதற்குப் பருந்துதான். வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, மருந்தடிக்காத கொய்யாக் குச்சியைக் கட்டைவிரல் பருமனில் கட்டுங்கள். சமையலறை கூடவே கூடாது: நான்ஸ்டிக் சட்டி அதிகம் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அதன் மூச்சுக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்காதீர்கள். முதலில் பெட்டியோடு சமையல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியின் வாயைக் கூண்டுக் கதவோடு ஒட்டி வைத்துவிட்டு ஒதுங்குங்கள். அரை மணி ஆனாலும் தானே நடந்து போகட்டும். வெறும் பெட்டியின் எடையைக் கழித்தால் குஞ்சின் எடை கிடைக்கும். இந்த ஓர் எண் பின்னால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

முதல் மூன்று நாள் தீனி, தண்ணீர், தாள் மாற்றுவது தவிர வேறு வேலையில்லை. ஆனால் தின்கிறதா என்பதில் ஏமாறக்கூடாது. கிண்ணம் நிறையத் தானியம் இருப்பதுபோல் தெரியும்; ஊதிப் பார்த்தால் அத்தனையும் உமி. தினம் இருமுறை ஊதிவிட்டு நிரப்புங்கள். ஆழமான கிண்ணத்தில் தின்னச் சில குஞ்சுகளுக்குத் தெரியாது. தட்டையான தட்டில் கொஞ்சம் தூவி, உட்காரும் குச்சியை ஒட்டி ஒரு தினைக்கதிரைத் தொங்கவிடுங்கள். முதல் நாள் எச்சம் நீர்த்திருந்தால் பயத்தால் இருக்கலாம். இரண்டாம் நாளும் கெட்டிப்பகுதி இல்லாமல் கரும்பச்சையாகச் சொட்டுச் சொட்டாக வந்தால் தின்னவில்லை என்று அர்த்தம்.

இனிப் பழக்குவது. கொண்டையைப் பாருங்கள், பாதி பாடம் அதில் இருக்கிறது. நெட்டுக்குத்தாய் நின்று உடம்பும் ஒடுங்கியிருந்தால் மிரட்சி. தலையோடு படிந்து, வாய் திறந்து சீறினால் 'கிட்டே வராதே'. சற்றே சாய்ந்து தளர்ந்திருந்தால் நிம்மதி. இறகு கோதுவதும், ஒற்றைக் காலில் நிற்பதும், அலகை நறநறவென்று அரைப்பதும் நல்ல அடையாளங்கள்.

நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, நேரே உற்றுப் பார்க்காமல், இந்த நாளிதழையே மெல்லிய குரலில் வாசிக்கலாம். நீங்கள் இருக்கும்போதே அது தின்னத் தொடங்கினால் அடுத்த படி. தினைப்புனத்தில் வள்ளி கிளியை விரட்டினாள். நாம் அதே தினையைக் காட்டி அழைக்க வேண்டும். நீளமான கதிரின் கடைசி நுனியைப் பிடித்து, முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து, பிறகு திறந்த கதவு வழியாக நீட்டுங்கள். நாளுக்கு நாள் பிடி அலகை நெருங்கி வரட்டும். கடைசியில் கதிர் உள்ளங்கையில் இருக்கும். குஞ்சு விரலில் ஏறித்தான் தின்ன வேண்டியிருக்கும்.

சீறினால் கையைச் சட்டென்று இழுக்காதீர்கள், மேலும் நீட்டவும் வேண்டாம். அப்படியே நிறுத்தி, அது தளர்ந்ததும் மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால், 'மிரட்டினால் கை விலகிப் போய்விடும்' என்று கற்கும். திணித்தால், 'சீறிப் பயனில்லை, கொத்த வேண்டும்' என்று கற்கும். அது பின்வாங்கிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்துவதுதான் கைப்பக்குவம். குழந்தைகளுக்கு இதுதான் கஷ்டம்; கதிர் பிடிக்கும் வேலையை முதல் வாரம் பெரியவர் ஒருவரே செய்யட்டும். வெளியே விடும் நாளில் சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்ட பிறகே கதவைத் திறங்கள்.

இரவுப் பயம் இந்த இனத்துக்கே பேர்போனது. பல்லி ஓடினாலும், பைக் வெளிச்சம் சுவரில் அடித்தாலும் இருட்டில் கண்மண் தெரியாமல் கூண்டில் மோதும். கூண்டை முழுக்க மூடாமல் முன்பக்கம் திறந்துவிட்டு, அறையில் ஜீரோ வாட் பல்பு எரியட்டும். மோதத் தொடங்கினால் பெரிய விளக்கைப் போட்டுப் பெயர் சொல்லி மெல்லக் கூப்பிடுங்கள். கை உள்ளே போகக்கூடாது. வளரும் இறகு முறிந்து ரத்தம் வந்தால், சோள மாவை (கார்ன்ஃப்ளார்) வைத்துப் பஞ்சால் அழுத்துங்கள்; நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால் ஹாலில் நள்ளிரவு வரை ஓடும் டிவியும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணமே.

எல்லாவற்றையும் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: பொரித்த தேதி, தின்ற தீனி, ஊட்டிய குஞ்சா இல்லையா. மூன்று வரி போதும்.

இப்படிக்கு,
காக்டீல் வளர்ப்போர் சிலர்,
சென்னை.